ஊருக்கு ஒரு கூலி

நெய்வேலியில் என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் ஒரு சமயம் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவள் கணவருக்கு அங்கே உத்தியோகம். அகலமான வீதிகள், வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், வீட்டைச் சுற்றி மரங்கள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள். பேரம் ஆரம்பமாயிற்று.

“மந்தாரக்குப்பத்திலே இதே கட்டை இதைவிடக் குறைச்சலாத்தானே தர்றே?” என்றாள் தங்கை.

“அங்கே வாங்கறவங்க கூலிக்காரங்க, அம்மா. அது அவங்களுக்கு ஏத்த விலை. இது உங்களுக்கு ஏத்த விலை.”

தங்கை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ கமிஷன்களும் கமிட்டிகளும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த ஒரு விஷயத்தை அந்தக் கீரைக்காரி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாளே என்று தோன்றியது. ஊரில் விலை குறைவாக இருப்பதால் கூலி குறைவா, அல்லது கூலி குறைவாக இருப்பதால்தான் விலை குறைவா?

நெய்வேலியைப் போல இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை. அந்தக் காலத்தில் அது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த செம்மண் பூமி. முந்திரித் தோப்பும் மல்லாட்டைக் கொல்லையும்தான் ஜனங்களுக்கு ஜீவனம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14-ந் தேதி நெய்வேலிக் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கிடைத்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த ஊருக்குள் மாதச் சம்பளம் நுழைந்தது.

நேரு வந்துபோன இரண்டாவது மாதம், 1957 ஜூலையில், டில்லியில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடிற்று. ஒரு மனிதன் குடும்பத்தோடு உயிர் வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு கூலி வேண்டும் என்பதை அங்கே ரூபாயில் சொல்லாமல் பொருளில் சொன்னார்கள். சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பி மனைவியும் இரண்டு குழந்தைகளும். உணவுக் கணக்கில் இவர்கள் மூன்று பேருக்குச் சமம். ஆளுக்கு 2,700 கலோரி உணவு. தலைக்கு 18 கெஜம் வீதம் குடும்பத்துக்கு வருஷத்தில் 72 கெஜம் துணி. சர்க்கார் கட்டும் தொழிலாளர் வீட்டுக்கு உள்ள குறைந்தபட்ச வாடகை. விறகு, விளக்கு முதலிய மற்றச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு இருபது.

இந்தப் பட்டியலின் அழகு என்னவென்றால், இதில் ஊர்ப் பெயரே கிடையாது. சென்னையானாலும் நெய்வேலியானாலும் வயிறு ஒன்று, உடம்பை மறைக்க வேண்டிய துணி ஒன்று. வித்தியாசம் விலையில்தான் வரும், தேவையில் வராது. பட்டியலை எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் 1959-ல் இரண்டாவது சம்பளக் கமிஷன் மத்திய சர்க்கார் ஊழியருக்குக் குறைந்தபட்சமாகச் சிபாரிசு செய்த 80 ரூபாய் இந்தக் கணக்குக்கு எட்டவே இல்லை. 1960 ஜூலையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். எந்த ஊரிலிருந்து வந்தாலும் பங்கு ஒன்றுதான். அளக்கும் மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். அதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். நெல்லாகக் கொடுத்த கூலிக்கு விலைவாசிப் புள்ளி வேண்டாம், பஞ்சப்படி வேண்டாம். நெல் விலை ஏறினால் கூலியும் தானே ஏறிவிடும். ஆனால் மரக்கால் மட்டும் மாறாமல் இருக்கவேண்டும். அதனால்தான் அதற்கு இறைவனுடைய பெயர்!

மரக்கால் பிடித்த கை மாறியபோது என்ன ஆயிற்று என்பதையும் அதே தஞ்சை ஜில்லா கண்டது. அறுவடைக் கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்வதா என்றும் தகராறு. வெளியூர்க்காரன் குறைந்த கூலிக்கு வருவான் என்பதுதான் அதன் உட்பொருள். தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் கீழத் தஞ்சைக்கு மட்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே, நெய்வேலியைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்று நட்டவர்களுக்கு அது இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் முதுகு வலி குறைவா என்ன?

சுரங்கத்தின் சமாசாரம் வேறு. 1948-ம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி வயல் கூலியை நிர்ணயிப்பது பெரும்பாலும் மாநில அரசு. சுரங்கக் கூலியை நிர்ணயிப்பது மத்திய அரசு. ஆகவே, ஒரே ஊரில் மண்வெட்டி பிடிக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு சர்க்கார்கள் கூலி விதித்தன. மத்திய அரசின் ஆணைகளில் கட்டட வேலை போன்றவற்றுக்கு ஊர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். பெரிய நகரத்துக்கு அதிகம், சிற்றூருக்குக் குறைவு. பழுப்பு நிலக்கரி முதலிய சுரங்கங்களுக்கோ ஊர்ப் பிரிவே கிடையாது. தரைக்கு மேலே வேலையா, தரைக்குக் கீழே வேலையா என்ற பிரிவுதான். ஊரைப் பார்க்காமல் ஆழத்தைப் பார்த்த சட்டம்!

நெய்வேலி நிறுவனம் பின்னால் ராஜஸ்தானத்துப் பர்சிங்சரில் ஒரு சுரங்கமும், ஒடிசாவில் தலபிராவில் ஒரு சுரங்கமும் எடுத்துக்கொண்டது. ஒரு கம்பெனிக்குள் மூன்று பிரதேசங்கள். இங்கே அரிசிச் சோறு, அங்கே கம்பு ரொட்டி. பிக்கானேர்ப் பக்கத்துக் குளிருக்கு 18 கெஜம் துணி போதுமா என்பதை டில்லி மாநாடு யோசித்ததாகத் தெரியவில்லை.

2019-ல் அனூப் சத்பதி தலைமையில் ஒரு நிபுணர் குழு, 2018-ம் வருஷத்து விலையில், நாடு முழுவதற்கும் நாளுக்கு 375 ரூபாய் குறைந்தபட்சம் என்றது. பிரதேசவாரியாக வேண்டுமானால் ஐந்து தொகுதி: தமிழ்நாடு உள்ள தொகுதிக்கு 414, ராஜஸ்தான் உள்ளதற்கு 380, ஒடிசா உள்ளதற்கு 342, டில்லி உள்ளதற்கு 447. அதே வருஷம் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அடித்தளக் கூலியைப் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறாக வைக்கலாம் என்று அதிலும் இடம் இருக்கிறது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் விருத்தாசலத்தில் ஒரு வீடே பிடிக்கலாம். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் நகரத்து ஏழை நசுங்கிப்போவான். ஆனால் வாடகையும் கீரையும்தான் ஊருக்கு ஊர் மலிவு. பஸ் டிக்கெட்டும், மருந்துக்கடைச் சீட்டும், பிள்ளையின் காலேஜ் சம்பளமும் சிற்றூர்க்காரனுக்காக இறங்கி வருவதில்லை. இதை உணர்ந்துதான் 1991-ல் சுப்ரீம் கோர்ட், ரெப்டகாஸ் பிரெட் கம்பெனி வழக்கில், 1957-ம் வருஷப் பட்டியலோடு கல்வி, வைத்தியம், கல்யாணம், முதுமை இவற்றுக்கு இன்னொரு நூற்றுக்கு இருபத்தைந்து சேர்க்கவேண்டும் என்றது.

கீரை ஏன் மலிவு என்று இன்னும் ஒரு படி யோசித்தால், கீரை பறிப்பவளின் கூலி மலிவு என்பதில் போய் நிற்கும். மலிவான ஊர் என்று நாம் புகழும்போது, யாரோ சிலருடைய உழைப்பு அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்றுதான் சொல்கிறோம். பிறகு, அந்த மலிவையே காரணம் காட்டி அவர்களுக்குக் கூலியைக் குறைத்து வைக்கிறோம். செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான் இந்தத் தர்க்கம். வேலி போட்ட நகரத்துக்குள் நிரந்தரச் சம்பளம், ஒப்பந்தக் கூலி என்று ஒரே சுரங்கத்தில் இரண்டு இருப்பதையும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் பலமுறை வேலையை நிறுத்தியதையும் நினைத்துப் பார்த்தால், பிரதேச வித்தியாசம் மைல் கணக்கில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு கேட்டின் அகலமே போதும் என்று தெரிகிறது.

அந்தக் கீரைக்காரி எந்தப் பட்டியலிலும் இல்லை. அவளுக்கு முதலாளி இல்லை. ஆகவே சட்டமும் இல்லை. தன் கூலியைத் தானே விதித்துக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி, ஆளைப் பார்த்து விலை சொல்வதுதான். கொடுக்க முடிந்தவர்களிடம் கூட்டியும், முடியாதவர்களிடம் குறைத்தும் அவள் வாங்கினாள். மூன்று வகுப்பும் ஐந்து தொகுதியும் செய்யப் பார்த்ததை அவள் கூடையிலேயே செய்துவிட்டாள்.

இத்தனையும் எனக்குத் தோன்றியது பிறகுதான். அன்று காலை தங்கை பேரத்தை முடித்து, மந்தாரக்குப்பம் விலைக்கே இரண்டு கட்டு வாங்கிவிட்டாள். மத்தியானம் கீரை மசியல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.