மனுவும் அறிவிப்புப் பலகையும்: மேல்கோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

மேல்கோட்டை என்றதும் தமிழர்க்கு நினைவுக்கு வருவன இராமாநுசரும் வைரமுடிச் சேவையும் தலைமுறைகளாக அங்கே தமிழ் பேசிவரும் மண்டயம் ஐயங்கார்களுமே. கோயிலுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன். மேல்கோட்டை ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயருமாகும். முன்பு பாண்டவபுரம் என வழங்கிய தொகுதி 2008 தேர்தல் முதல் இப்பெயர் பெற்றது. உழவர் இயக்கம் தன் ஆளையே சட்டமன்றத்துக்கு அனுப்பிய மிகச் சில கர்நாடகத் தொகுதிகளுள் இதுவும் ஒன்று.

நிலம், நீர், மின்சாரம் பற்றிய குறைகளை உழவர் யாரிடம் முறையிட்டனர், முறையீட்டைப் பெற்றவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதே என் கேள்வி.

1881 அக்டோபரில், தசராவையொட்டி, மைசூர்ப் பிரதிநிதிகள் சபை முதன்முறையாகக் கூடியது. அதை அமைத்த திவான் சி. வி. ரங்காச்சார்லு செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்தவர். வந்திருந்தோர் 144 பேர். தாலுகாவுக்கு ஓரிருவராக உழுகுடி நிலவுடைமையாளரைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு உள்ளூர் நிதி வாரியங்களிடம் தரப்பட்டிருந்தது. இந்திய சமத்தானங்களில் இத்தகைய அவை அதற்குமுன் இருந்ததில்லை. ஆயினும் அது சட்டம் இயற்றும் அவையன்று. திவான் ஆண்டறிக்கையைப் படிப்பார், பிரதிநிதிகள் தத்தம் பகுதியின் குறைகளைச் சொல்வர், முடிவு அரசுடையது. பேசலாம், தீர்மானிக்க இயலாது. இதைச் சிறுமைப்படுத்தி எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறையை எழுத்தில் ஏற்று, ஆட்சித் தலைவர் முன்னிலையில் பதிவாக்கும் வழக்கம் சிறியதன்று. அவ்வழக்கத்தின் எல்லையையும் மறக்கலாகாது.

எல்லை எங்கிருந்தது என்பதை மின்சாரம் காட்டிக் கொடுத்தது. மேல்கோட்டைக்குத் தென்கிழக்கே, காவிரி வீழும் சிவனசமுத்திரத்தில் 1902 இல் மின் உற்பத்தி தொடங்கியது. அம்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905 இல் பெங்களூர்த் தெருக்கள் ஒளி பெற்றன. கம்பி கடந்து சென்ற ஊர்களுக்கு அதில் பங்கில்லை. 1911 இல் பணி தொடங்கிய கண்ணம்பாடி அணைக்கும் முன்வைக்கப்பட்ட வலுவான காரணங்களுள் ஒன்று, கோடையிலும் சிவனசமுத்திரத்துக்குத் தடையற்ற நீர் கிடைக்க வேண்டும் என்பது. வயலுக்கான பெருங்கால்வாய் பின்னரே வந்தது. அன்று அதன் பெயர் இர்வின் கால்வாய்; இன்று விசுவேசுவரய்யா கால்வாய். அதையொட்டி 1933 இல் மண்டியாவில் சர்க்கரை ஆலையும், 1939 இல் மைசூரிலிருந்து பிரிந்து மண்டியா மாவட்டமும் உருவாயின. கால்வாய் நீர் பாயும் பள்ளத்து உழவரின் முறையீடு நீர்முறை பற்றியது. மேட்டு நில உழவர் ஏரியையும் மழையையும், பின்னாளில் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியவர். கிணறு ஆழமாக ஆக, அவர்தம் வேளாண்மை மின்கம்பத்தோடு பிணைந்துபோயிற்று.

இங்கே ஒரு சொல்லை நின்று நோக்கவேண்டும். மொழியியல் படித்தவர்களை விட்டு நீங்காத பழக்கம். கன்னடத்தில் உழவரைக் குறிக்கும் ‘ரைத’ என்பதும் நம் ‘ரயத்துவாரி’யில் உள்ள ‘ரயத்’தும் ஒரே அரபு மூலத்தின. அங்கு அச்சொல் மேய்க்கப்படும் மந்தையையும், அதன்வழி ஆளப்படும் குடிகளையும் சுட்டும். அந்தப் பெயரையே விரும்பிச் சூடிக்கொண்டு 1980 இல் எழுந்தது கர்நாடக ராஜ்ய ரைத சங்கம். மலப்பிரபா பாசனப் பகுதியில் விதிக்கப்பட்ட மேம்பாட்டு வரியை எதிர்த்து நரகுந்த, நவலகுந்த உழவர் அவ்வாண்டு சூலையில் கிளர்ந்தெழுந்ததும் அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் அதன் பிறப்புக்குக் காரணம். எம். டி. நஞ்சுண்டசாமி அதன் அறியப்பட்ட முகமானார். தோளில் பச்சைத் துண்டு அதன் அடையாளமாயிற்று.

சங்கம் செய்தவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது ஓர் அறிவிப்புப் பலகை. அனுமதியின்றி அதிகாரிகள் ஊருக்குள் நுழையலாகாது என்னும் பொருள்பட ஊர் வாயில்களில் பலகைகள் நடப்பட்டன. நூறாண்டுகளாக உழவர் அலுவலக வாயிலில் காத்திருந்தனர்; இப்போது காத்திருக்க வேண்டியவர் அதிகாரி. கடனுக்காகப் பறிமுதலான பொருள்களை உழவர் கூட்டமாகச் சென்று மீட்டு வந்ததற்கு ‘மறு ஜப்தி’ என்று பெயர். ஜப்தி என்னும் சொல் நமக்கும் தெரியும். அதன் முன்னே ‘மறு’ சேர்க்கும் துணிவு நம் பக்கம் தோன்றவில்லை.

நம் பக்கம் வேறொன்று தோன்றியது. 1970 இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை உழவர் போராடினர். 1972 இல் மாட்டுவண்டிகளால் கோவை நகரமே நிறைந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா என்பது அன்று உயிர் கொடுத்துப் பேசப்பட்ட தொகை. கோவையின் குரல் சென்னையை நோக்கியது, விலை பற்றியது. பாண்டவபுரத்துப் பலகை பக்கத்து அலுவலகத்தை நோக்கியது, மரியாதை பற்றியது. பின்னாளில் இரு மாநிலங்களிலும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. அது பெரும் வெற்றி. ஆயினும் விலை பற்றிய வழக்கு அத்துடன் நேரம் பற்றிய வழக்காக மாறியது. மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம், பகலிலா நள்ளிரவிலா என்பதே உழவரின் இன்றைய கேள்வி.

கியாதனஹள்ளியைச் சேர்ந்த கே. எஸ். புட்டண்ணய்யா இச்சங்கத்தில் வளர்ந்தவர். 1994 இல் பாண்டவபுரத்திலிருந்தும், 2013 இல் சர்வோதய கர்நாடகக் கட்சி சார்பில் மேல்கோட்டையிலிருந்தும் வென்றார். 2013 இல் அவையில் அக்கட்சிக்கு அவர் ஒருவரே. 2018 பிப்ரவரியில் மண்டியாவில் கபடிப் போட்டியொன்றைக் காணச் சென்றபோது மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டுத் தேர்தலில் தோற்ற அவர் மகன் தர்ஷன் 2023 இல் காங்கிரசு ஆதரவுடன் வென்றார். அவையில் ஒற்றை உறுப்பினரால் என்ன ஆகும் என்று கேட்பவர்க்கு, 1881 இன் பிரதிநிதிக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமையை நானே ஒப்புக்கொள்வேன். அவராலும் பேசத்தான் முடிந்தது. வேறுபாடு, அவரை அனுப்பியது வாரியமன்று, வாக்காளர்.

சட்டமன்றத்தினும் அருகில் இருப்பது கிராமப் பஞ்சாயத்து. மின்சாரம் வரவில்லையெனில் உழவர் முதலில் பிடித்துக் கேட்பது அதன் உறுப்பினரைத்தான். 1993 ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் தெருவிளக்கையும் குடிநீரையும் தந்தது. பம்புசெட்டுக்குரிய மின்பாதையின் நேர அட்டவணையைத் தரவில்லை. அது மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேசுவரி மின் வழங்கல் நிறுவனத்தின் கையில். கர்நாடகத்துப் பஞ்சாயத்துகள் பலவும் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமான கட்டண நிலுவையில் மின் நிறுவனங்களுக்குக் கடன்பட்டவை. ஆகவே உழவரின் மனுவை ஏந்தி மின் அலுவலகப் படியேறும் உறுப்பினர், பெரும்பாலும், தம் பஞ்சாயத்தின் நிலுவைக்குத் தவணை கேட்கும் மனுவையும் அதே மேசையில் வைக்க நேர்கிறது.