ரேஸ் தெருவும் சீன விளக்குகளும்

2024 ஜூலைல ஒரு சனிக்கிழமை. நானும் ரூம்மேட்டும் பிலடெல்பியா ஃப்ராங்க்ளின் ஸ்கொயர் பூங்காவுக்குக் கிளம்பினோம். அங்க சீன விளக்குத் திருவிழா. "சீரியல் செட் பாக்க டிக்கெட்டாடா? நம்ம ஊர் கோயில் திருவிழாவுல ஓசியிலயே பாக்கலாமே"ன்னு வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தான். இருட்டினதும் டிராகன் முழுசா எரிய ஆரம்பிச்சுது பாருங்க, ஆள் கப்சிப் :-)

கிட்டப் போய்ப் பார்த்தா விஷயம் எளிமைதான். கம்பியை வளைச்சு ஒரு எலும்புக்கூடு, மேல பட்டுத்துணி, உள்ளே எல்.இ.டி. பல்பு. இந்த வேலைல கைதேர்ந்தவங்க சிச்சுவான் மாகாணத்து ஜிகோங் ஊர்க்காரங்க. அது அந்தக் காலத்து உப்புக் கிணத்து ஊர். உப்புத்தண்ணிக்காக 1835லயே 1001 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்ட கில்லாடிங்க!

சீனாவுல இந்தப் பண்டிகை புத்தாண்டோட முதல் பௌர்ணமிக்கு வரும். இங்க கோடையில நடத்துறாங்க. கார்த்திகை தீபத்தை ஆடியில ஏத்துற மாதிரி.

பசி எடுத்துது. பூங்காவோட தெற்கு ஓரமே ரேஸ் தெருதான். அதுல மேற்கே ரெண்டு மூணு பிளாக் நடந்தா சைனாடவுன். நூடுல்ஸ் வர்ற வரைக்கும் ரூம்மேட்டுக்கு அந்தத் தெருவோட கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

1869ல ரயில் பாதை வேலை முடிஞ்சுது. மேற்குக் கரையில சீனர்கள் மேல வெறுப்பு ஏறிக்கிட்டே போக, சிலர் கிழக்கே நகர்ந்தாங்க. 1870 வாக்குல லீ ஃபாங்னு ஒருத்தர் ரேஸ் தெரு 913ம் நம்பர்ல சலவைக்கடை போட்டார். சைனாடவுனுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். 1882ல வந்துது தடைச் சட்டம். சீனக் கூலித் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது, ஏற்கனவே இருக்குறவங்களுக்கும் குடியுரிமை கிடையாது. பெண்டாட்டியைக் கூட்டிட்டு வர முடியாம எத்தனையோ பேர் தனியாவே கிழவனானாங்க. 1943ல, போர்ல சீனா கூட்டாளியா ஆனப்புறம்தான், சட்டத்தை எடுத்தாங்க. ஆனா வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி!

அதோட விட்டாங்களா? 1960கள்ல வைன் ஸ்ட்ரீட் நெடுஞ்சாலைக்காக அங்க இருந்த சீன தேவாலயத்தையும் பள்ளியையும் இடிக்கத் திட்டம் போட்டாங்க. சைனாடவுன் மக்கள் தெருவுல இறங்கிப் போராடினாங்க. 1991ல ரோடு வந்துருச்சு, ஆனா தேவாலயம் தப்பிச்சுது. இன்னும் நிக்குது.

"பாவம்டா"ன்னான் ரூம்மேட்.

"நம்ம கதை மட்டும் என்னவாம்? 1917ல வந்த சட்டத்துல இந்தியாவுக்கும் சேர்த்துத்தான் கதவைச் சாத்தினாங்க. 1946ல திறந்தப்போ நமக்கு ஒதுக்கினது வருஷத்துக்கு 100 பேர். அந்தக் கணக்கெல்லாம் மாறினது 1965 சட்டத்துக்கு அப்புறம்தான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "100 பேரா? நம்ம ஆபீஸ்ல ஒரு ஃப்ளோர்லயே அதுக்கு மேல இருப்போமேடா" என்றான்.

திரும்பி வரும்போது மறுபடி பூங்கா வேலியோரம் வந்தோம். உள்ளே போக இன்னும் வரிசை நின்னுக்கிட்டிருந்துது. ஒரு காலத்துல அந்த நாட்டு மனுஷங்களுக்குச் சாத்தின கதவு. இன்னிக்கு அவங்க விளக்கைப் பாக்க டிக்கெட் வாங்கி நிக்கிறாங்க. டிக்கெட்டுக்குப் புலம்பினவன்தான் வேலிக்கு வெளியே நின்னு இன்னொரு தடவை டிராகனை எட்டிப் பார்த்தான்.