எண்ணூரில் உப்பை அளந்த கருவிகள்

வட சென்னையில் தண்ணீரின் குணத்தைக் கருவி வைத்துப் பார்க்கும் பழக்கம் செடி கொடிக்காக வந்ததல்ல, உப்புக்காக வந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் கழிமுகத்தை ஒட்டிக் கிடந்த உப்பளங்கள் ஒரு காலத்தில் பட்டணத்துக்கு உப்பு கொடுத்தவை. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்தின் உப்பு வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1806 வாக்கில் பட்டணத்திலிருந்து எண்ணூர்வரை கால்வாய் வெட்டப்பட்டது. அன்று அது காக்ரேன் கால்வாய். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு பக்கிங்காம் கால்வாய். படகில் வந்த உப்பைச் சேர்த்துவைத்த இடம் சென்ட்ரலுக்கு அருகே இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயரோடு இருக்கிறது.

உப்பளத்தில் எல்லாமே டிகிரிக் கணக்குதான். 1768-ல் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே செய்த மிதவைக் கருவியின் அளவு அது. சுத்தமான தண்ணீரில் பூஜ்யம், நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்பு கரைந்த நீரில் பதினைந்து என்று அவர் கோடு போட்டார். கடல்நீர் 3, 3.5 டிகிரியில் பாத்திக்குள் வரும். வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போது சமையல் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் இறங்கியிருக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து சரக்கு கசந்துபோகும். அதற்குள் தண்ணீரை வடித்தாக வேண்டும். எந்த டிகிரியில் எந்த உப்பு இறங்கும் என்பது தெரிந்திருந்ததால் ஒரே ஓர் எண் அங்கே போதுமானதாக இருந்தது. பாத்திக்கு வருவது எப்போதும் கடல்நீர்தானே.

அடுத்த கருவி எலுமிச்சைச் சாற்றிலிருந்து வந்தது. டேனிஷ் வேதியியலாளர் சோரன்சன் 1909-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் அமிலத்தன்மைக்கு பி.எச். என்ற அளவுகோலை வகுத்திருந்தார். ஆனால் களத்தில் கொண்டுபோய் அளக்க உறுதியான கருவி இல்லை. கலிபோர்னியாவில் பழத் தொழிலில் இருந்த ஒருவர், கந்தக டை ஆக்சைடு கலந்த எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தன் பழைய வகுப்புத் தோழரான வேதியியலாளர் ஆர்னால்டு பெக்மனைத் தேடிவந்தார். பெக்மன் 1934-ல் கண்ணாடி மின்முனையையும் மின்பெருக்கியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்தார். இன்றைய பேனா அளவு பி.எச். மீட்டர்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. பின்னாளில் இந்த மீட்டர் தேவைப்பட்ட சத்துநீர் விவசாயமும் அதே கலிபோர்னியாவில்தான் வளர்ந்தது. அங்கே 1929 முதல் வில்லியம் கெரிக் மண்ணில்லாமல் சத்துநீரில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் அந்த முறையை அறிமுகப்படுத்தியவர் ஷோல்டோ டக்ளஸ். 1946-ல் வங்காளத்தின் காலிம்பாங்கில் சோதனையைத் தொடங்கிய அவர், சாதாரணக் குடும்பமும் செய்யக்கூடிய எளிய முறையைத் தேடினார்.

எண்ணூர், மணலிப் பக்கம் பி.எச். மீட்டருக்கு வேலை கொடுத்தவை தொழிற்சாலைகள். 1966-ல் பதிவான மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் மணலியில் 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘விஜய்’ என்ற பெயரில் அதன் உர மூட்டை தமிழக வயல்களுக்கெல்லாம் போனது. எண்ணூரில் பாரி நிறுவனமும் உர ஆலை அமைத்தது. பாஸ்பாரிக் அமிலத்தை அம்மோனியாவால் சமன்செய்துதான் அம்மோனியம் பாஸ்பேட் உரம் பிறக்கிறது. இரண்டில் எது கூடினாலும் குறைந்தாலும் பி.எச். எண்ணில் தெரிந்துவிடும்.

ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும். 1966-69-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த நிலத்தடி நீர் ஆய்வு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களை அடையாளம் காட்டியது. மணலித் தொழிற்சாலைகள் மீஞ்சூர்த் தண்ணீரை இழுத்தன, நகரம் இழுத்தது, வயல் பம்ப்செட்டுகளும் இழுத்தன. நல்ல தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் கடல் வந்தது. 1969-லேயே கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்புநீர், 1980-களின் பிற்பகுதியில் 9 கிலோமீட்டரை எட்டிவிட்டது. நெல் விளைந்த ஊர்களில் கிணறு கரித்தது. வட சென்னையின் தண்ணீர் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. இழந்தவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள். 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தினம் 10 கோடி லிட்டர் கொடுக்கும் கடல்நீர்க் குடிநீர் ஆலை திறக்கப்பட்டது.

வீட்டுக்குள் மீட்டர் நுழைந்தது ஆர்.ஓ. இயந்திரத்தோடு. கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டரைப் போர் தண்ணீரில் முக்கி நான்கு இலக்க எண்ணைக் காட்டுவது விற்பனையாளருக்குக் கைவந்த வித்தை. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். 2013-14-ல் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) மானியத்தில் கொடுக்க ஆரம்பித்ததும், அதே மீட்டர் மொட்டைமாடிக்கு ஏறியது.

அங்கேதான் சிக்கல். டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை. கடலிலிருந்து வந்த சோடியமும் மின்சாரம் கடத்தும். உரத்திலிருந்து வந்த பொட்டாசியமும் கடத்தும். இரண்டும் அதற்கு ஒன்றுதான். திருவொற்றியூரில் ஒருவர் மாடியில் கீரை போடுகிறார், அவர் வீட்டு போர் தண்ணீரே மின்கடத்தலில் 2,000 மைக்ரோசீமென்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீரை வகைகளுக்குச் சத்துநீர் 1,200 முதல் 1,800 வரை இருந்தால் போதும். ஒரு சிட்டிகை உரம் போடுவதற்கு முன்பே எண் நிரம்பிவிட்டது, செடிக்கு வேண்டிய முக்கியச் சத்துகளோ இல்லை. மேலும் உரம் போட்டால் இலை நுனி கருகும். கருகுகிறதே என்று நிறுத்தினால் செடி பட்டினி கிடக்கும். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்காமல் தொட்டிக்கு ஊற்றுபவர்கள் தெரியாமல் செய்வதும் இதுதான். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமான ஊர் இது. கூரை மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்துவைத்து போர் தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்தால் தொடக்க எண் ஏறக்குறைய பாதியாகும், உரத்துக்கு இடம் கிடைக்கும். தேங்காய் நார்க்கழிவையும் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் எண் இறங்கும்வரை அலச வேண்டும்.

வாங்கும்போது ‘பி.பி.எம்.’ மட்டும் காட்டும் மீட்டரைத் தவிர்ப்பது நல்லது. ஒரே தண்ணீருக்கு ஒரு கம்பெனி மின்கடத்தல் எண்ணை 0.5-ஆலும் இன்னொன்று 0.7-ஆலும் பெருக்கிக் காட்டும். மைக்ரோசீமென்ஸ் காட்டுவதோடு, வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வகை வேண்டும். ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு மாறும். மே மாத மொட்டைமாடித் தண்ணீரில் அந்த வித்தியாசம் சின்னதல்ல. சரிபார்க்க 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசல் கிடைக்கிறது. முனையைக் கழுவி, காயவிட்டு வைத்தால் போதும்.

பி.எச். மீட்டருக்குக் கவனிப்பு அதிகம். அதன் கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரிலோ டிஸ்டில்ட் வாட்டரிலோ ஊறவைத்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடு வெளியே கசிந்து முனை கெடும். மூடியில் அதற்கென்றுள்ள சேமிப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டு வைக்க வேண்டும். பி.எச். 7, 4 என்ற இரு சரிபார்ப்புக் கரைசல்களிலும் சரிபார்த்துவிட்டு, ஊற்றிய கரைசலைத் திரும்பக் குப்பியில் விடக் கூடாது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு குமிழில் வெள்ளையாகப் படிந்தால் வினிகரில் சில நிமிடம் வைத்துக் கழுவலாம். குமிழ் ஓரிரு வருடத்தில் தேயும் பொருள். தனியாக மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். 5.5 முதல் 6.5-க்குள் கொண்டுவந்த சத்துநீர் மறுநாள் 7.5-க்கு ஏறியிருந்தால் மீட்டரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. தண்ணீரிலுள்ள பைகார்பனேட் போட்ட அமிலத்தைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தில் மீட்டர் காட்டாதவையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தையும் வீட்டு வாசல்களையும் மூடியது. அந்த மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா, அங்கே கடல்நீரில் 49 மில்லிகிராம் இருந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அம்மோனியா பி.எச்.-ஐ ஏற்றும், அதைக் கைமீட்டர் ஓரளவாவது காட்டிக்கொடுக்கும். எண்ணெய் அப்படியல்ல. அது மின்சாரம் கடத்தாது. அது கலந்த தண்ணீரிலும் டி.டி.எஸ். எண் அப்படியே நிற்கும். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எரிபொருள் கலந்ததை மக்கள் கண்டுபிடித்தது வாடையால்தான். ஆலை, குழாய்ப்பாதை, அனல்மின் நிலையச் சாம்பல் குட்டை இவற்றின் அருகே குடியிருப்பவர்கள் கிணற்று நீரைச் செடிக்கு ஊற்றும் முன் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து எண்ணெய்க்கும் கன உலோகங்களுக்கும் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.