தசை விடுக்கும் செய்தி

பளுவான மூட்டையைத் தூக்கினால் நாடி விரைகிறது. இரத்த அழுத்தமும் ஏறுகிறது. உழைக்கும் தசைக்கு மிகுதியான இரத்தம் வேண்டும் என்று இதயத்துக்கு அறிவிப்பது யார்? தசையை ஏவும் மூளையா, அல்லது உழைக்கும் தசையேதானா? இவ்வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கியது.

1913-ஆம் ஆண்டில் கிரோக், லிண்டார்ட் என்னும் டென்மார்க் அறிஞர்கள், வேலை தொடங்கிய உடனேயே நாடி விரைவதைக் கண்டு, மூளையின் கட்டளையே காரணம் என்றனர். 1937-ல் கெய்ரோவில் அலாம், ஸ்மர்க் என்போர் மனிதரிடம் வேறொன்று கண்டனர். உழைத்த உறுப்புக்கு இரத்தம் செல்லாதபடி இறுக்கியிருந்தபோது, வேலை நின்ற பின்னும் அழுத்தம் முழுவதும் தணியவில்லை. இறுக்கத்தைத் தளர்த்திய பின்னரே தணிந்தது. கட்டளை ஓய்ந்த பின்னும் செய்தி ஓயவில்லை. அது தசையிலிருந்தே எழுந்திருக்க வேண்டும்.

ஆயினும் மனிதரிடத்தில் மனத்தின் பங்கை அறவே விலக்குதல் அரிது. ஆகவே விலங்குகளிடம் சோதனை நடைபெற்றது. தசை நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டினால் விடை ஒன்றாக இராது என்பதை 1962-ல் ஜோஹான்சன் விளக்கினார். மெதுவான தூண்டலில் அழுத்தம் இறங்கும். வலுவான தூண்டலில் ஏறும். உழைக்கும் தசை உண்மையில் எதனை உரைக்கிறது?

1971-ல் கூட், ஹில்டன், பெரஸ் கொன்சாலஸ் ஆகிய மூவரும் இதற்கு விடை கண்டனர். தண்டுவடத்தின் முன்வேர்கள் வழியே கட்டளை தசைக்குச் செல்கிறது. பின்வேர்கள் வழியே உடலின் செய்தி உள்ளே வருகிறது. பூனைகளை மயக்கத்தில் ஆழ்த்தியோ, பெருமூளையின் ஆட்சியை நீக்கியோ, முன்வேர்களைத் தூண்டிப் பின்னங்கால் தசைகளைச் சுருங்கச் செய்தனர். மூளை ஏவாதிருந்தும் அழுத்தம் ஏறியது. பின்வேர்களை அறுத்தபின் தசை சுருங்கியது, அழுத்தமோ ஏறவில்லை. ஐயம் அகன்றது.

மறு ஆண்டில் மெக்ளாஸ்கி, மிச்சல் இருவரும் செய்தி செல்லும் பாதையையும் காட்டினர். தடித்த நரம்பிழைகளைத் தடுத்தபோதும் அழுத்தம் ஏறியது. மெல்லிய இழைகளைத் தடுத்தபோது ஏறவில்லை. இம்மெல்லிய இழைகளுள் ஒரு பிரிவு, தசையை அழுத்தினால் கிளர்ச்சியுறும் என்பதை நம் நாட்டு அறிஞர் பெயின்டல் 1960-லேயே ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்.

மூளையின் கட்டளை பொய்யன்று. தசையின் முறையீடும் பொய்யன்று. இரண்டும் சேர்ந்தே இதயத்தை இயக்குகின்றன என்பது இன்றைய கொள்கை. மிகை இரத்த அழுத்தமுடைய எலிகளில் இவ்வனிச்சைச் செயல் அளவு மீறுவதைப் பிற்காலத்து ஆய்வுகள் கண்டுள்ளன. அந்நோயுடையோர்க்கு உழைப்பின்போது அழுத்தம் ஏன் வரம்பு கடக்கிறது என்னும் கேள்விக்கு விடை தேட, பூனையின் தண்டுவட வேர்களில் அன்று பெற்ற அறிவே வழிகாட்டியாக நிற்கிறது.