ஓசூரில் 'ஒரே கலர்' கேமிங் பி.சி: எல்லை தாண்டி வாங்கினால் லாபமா? எங்கே பணம் வீணாகும்? முழு விவரம்

கறுப்பு டப்பா, அதற்குள் பச்சை மதர்போர்டு, மஞ்சளும் சிவப்புமாக தொங்கும் வயர்கள். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்றால் இதுதான். இப்போது கேபினட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரியும் என்பதால், ஃபேன் முதல் கேபிள் வரை எல்லாமே ஒரே கலரில் இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்த ஆசைக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே கம்ப்யூட்டர் உதிரி பாகங்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடு. இன்னொரு பக்கம், ஊருக்குள்ளேயே சிப்காட்டைச் சுற்றி பெயின்டிங், பவுடர் கோட்டிங் வேலை தெரிந்த சின்னச் சின்ன பட்டறைகள். ஆனால் ஷிப்ட் வேலை பார்த்து மாதாமாதம் சேர்த்த பணத்தைப் போடும்போது, எதில் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று தெரியாவிட்டால் பி.சி பளபளக்கும், கேம் மட்டும் திக்கித் திணறும். அதனால் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் கேள்வி: கலருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேம் எவ்வளவு சீராக ஓடும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிராஃபிக்ஸ் கார்டு. அடுத்து பிராசஸர், ராம். கலரும் லைட்டும் ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டித் தராது. எனவே கணக்கை இப்படிப் போடலாம். மானிட்டர், கீபோர்டு தவிர்த்து 1 லட்சம் ரூபாய் பட்ஜெட் என்றால் 35 முதல் 40 ஆயிரம் வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை மொத்தமாக 10 ஆயிரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். இது விதி அல்ல, கையைக் கடிக்காமல் இருக்க ஒரு வேலி.

கவனிக்க வேண்டிய விஷயம்: ஒரே மாடல் கிராஃபிக்ஸ் கார்டு கறுப்பிலும் வெள்ளையிலும் வரும். உள்ளே இருக்கும் சிப் ஒன்றுதான், ஆனால் வெள்ளைக்குப் பெரும்பாலும் விலை அதிகம். மதர்போர்டு, கூலர், எஸ்.எம்.பி.எஸ் என்று ஒவ்வொன்றிலும் இந்த 'வெள்ளை வரி' சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு ஒரு படி மேலான கிராஃபிக்ஸ் கார்டே வந்திருக்கும்.

ராம் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2025 இறுதியில் இருந்து ராம் விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாரிக்கொண்டு போவதுதான் முக்கியக் காரணம். மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'க்ரூஷியல்' பிராண்டு விற்பனையை நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததும் இந்தச் சூழலில்தான். லைட் எரியும் 16 ஜி.பி ராமை விட, லைட் எரியாத 32 ஜி.பி பல மடங்கு உபயோகம். லைட் வேண்டாம் என்றால் கலருக்கு ஏற்ற ஹீட் ஸ்பிரெடர் உள்ள சாதாரண ராமே போதும்.

எத்தனை கலர்?

இரண்டு பிரதான கலர், ஒரு துணைக் கலர். அதற்கு மேல் போனால் திருவிழா சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். கறுப்பு-வெள்ளை-நீலம், கறுப்பு-சாம்பல்-ஆரஞ்சு போன்றவை எளிதாகப் பொருந்தும். கறுப்பு எல்லா பிராண்டிலும் கிடைக்கும் என்பதால் அதை அடிப்படையாக வைத்தால் செலவும் குறையும், நாளைக்கு ஒரு பாகம் பழுதானாலும் மாற்று கிடைக்கும்.

முழு வெள்ளை பி.சி-யில் இரண்டு சிக்கல். ஒன்று, 'வெள்ளை' என்பது ஒரே கலர் அல்ல. ஒரு பிராண்டின் வெள்ளை நீலம் ஓடியிருக்கும், இன்னொன்று பால் ஏடு மாதிரி இருக்கும். வண்டி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். டேங்க் ஒரு ஷேடு, மட்கார்டு ஒரு ஷேடு என்றால் கண்ணில் குத்தும் இல்லையா, அதேதான். இரண்டாவது, சில வகை வெள்ளை பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டுப்பட்டு நாளடைவில் மஞ்சளாகும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள்

மதர்போர்டில் லைட்டுக்கு இரண்டு விதமான இணைப்பு உண்டு. 4 பின் கொண்டது 12 வோல்ட், சாதாரண ஆர்.ஜி.பி. இதில் ஒரு பட்டையில் உள்ள எல்லா எல்.இ.டி-யும் ஒரு நேரத்தில் ஒரே கலரில்தான் எரியும். 3 பின் கொண்டது 5 வோல்ட், ஏ-ஆர்.ஜி.பி. இதில் ஒவ்வொரு எல்.இ.டி-யையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். வானவில் ஓடுவது போன்ற எஃபெக்ட் இதில்தான் வரும்.

5 வோல்ட் லைட்டைக் கொண்டுபோய் 12 வோல்ட்டில் செருகினால் எல்.இ.டி எரிந்து போகும். இணைப்பின் வடிவமே ஓரளவு தடுக்கும், ஆனால் அவசரத்தில் அழுத்திச் செருகுபவர்களும், பொருந்தாத கன்வெர்ட்டர் கேபிள் போடுபவர்களும் உண்டு. எரிந்து போனதற்கு வாரன்ட்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. வாங்கும் முன் ஃபேன், கூலர், ஸ்ட்ரிப் எல்லாமே 3 பின் 5 வோல்ட் என்று உறுதி செய்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

அடுத்தது சாஃப்ட்வேர். அசூஸில் ஆரா சிங்க், எம்.எஸ்.ஐ-யில் மிஸ்டிக் லைட், ஜிகாபைட்டில் ஆர்.ஜி.பி ஃபியூஷன் என்று ஒவ்வொரு மதர்போர்டுக்கும் ஒன்று. சில ஃபேன் பிராண்டுகள் தங்கள் சொந்த கன்ட்ரோலர் இருந்தால்தான் எரியும். நாலு பிராண்டு வாங்கினால் நாலு சாஃப்ட்வேர் பின்னணியில் ஓடும். முடிந்தவரை மதர்போர்டோடு ஒத்துப் போகும் பொருளாக எடுங்கள். விண்டோஸ் 11-ல் 2023 முதல் 'டைனமிக் லைட்டிங்' என்ற வசதி இருக்கிறது, அதற்குப் பொருந்தும் சாதனங்களை விண்டோஸ் செட்டிங்ஸிலேயே கட்டுப்படுத்தலாம். 'ஓப்பன் ஆர்.ஜி.பி' என்ற இலவச மென்பொருளும் பல பிராண்டுகளை ஒன்றாகக் கையாளும்.

கலர் கேபிள்: பார்க்க அழகு, மாற்றிப் போட்டால் ஆபத்து

எஸ்.எம்.பி.எஸ்-ல் இருந்து வரும் கேபிள்களை கலர் கேபிளாக மாற்ற இரண்டு வழி. ஒன்று எக்ஸ்டென்ஷன், அதாவது இருக்கும் கேபிளின் முனையில் கலர் கேபிளைச் சேர்ப்பது. இது எளிய வழி. தரமானதாக மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்-ல் கேபிளையே கழற்றி வேறு கேபிள் போடுவது. இங்கேதான் கவனம். எஸ்.எம்.பி.எஸ் பக்கம் உள்ள பின் வரிசை பிராண்டுக்கு பிராண்டு, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். சாக்கெட்டில் பொருந்துகிறதே என்று வேறு பிராண்டு கேபிளைப் போட்டு ஸ்விட்ச் போட்டால் எஸ்.எஸ்.டி, மதர்போர்டு என்று எது வேண்டுமானாலும் புகைந்துவிடும். நண்பரிடம் இரவல் வாங்கிய கேபிளுக்கும் இது பொருந்தும்.

எல்லை தாண்டினால் வரி மிச்சமா?

'பெங்களூருல வாங்கினா டாக்ஸ் கம்மி' என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி வருவதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி மாறியது உண்மை. இப்போது அப்படி இல்லை. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரண்டு மாநிலத்திலும் 18 சதவீதம்தான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கு இருந்த 28 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆக, எஸ்.பி. ரோட்டில் விலை குறைகிறது என்றால் அது கடைகளின் போட்டியால், வரியால் அல்ல. 'பில் வேண்டாம்னா இவ்வளவு குறைச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், குறைவது வரி மட்டுமல்ல, உங்கள் வாரன்ட்டியும்தான். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள்.

இன்னொன்று: ஒரே பில் 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால், சொந்த வண்டியில் எடுத்து வந்தாலும் இ-வே பில் விதி பொருந்தும். கடைக்காரரே அதை உருவாக்கித் தரலாம், பில் போடும்போதே கேட்டுக்கோங்க. தொழிலுக்காக வாங்கும், தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி எண் உள்ளவர்கள் ஐ.ஜி.எஸ்.டி பில் கேட்க வேண்டும். கர்நாடக மாநில ஜி.எஸ்.டி போட்ட பில்லை வைத்து இங்கே உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது.

போய் வருவது இப்போது சுலபம். 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திராவரை வருகிறது. ஓசூரில் இருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கிருந்து மெட்ரோவில் ஆர்.வி. ரோடு, பச்சைப் பாதைக்கு மாறி கே.ஆர். மார்க்கெட். எஸ்.பி. ரோடு அங்கிருந்து பக்கம்தான்.

அங்கேயே அசெம்பிள் செய்து கொண்டுவருவதாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே எடுத்து வாருங்கள். தேசிய நெடுஞ்சாலை குலுக்கலில் கனமான கார்டு ஸ்லாட்டையே உடைத்துவிடலாம். வீட்டில் கழற்றும் கண்ணாடியை டைல்ஸ் தரையில் வைக்கவே கூடாது. டெம்பர்டு கிளாஸ் ஓரத்தில் சின்ன இடி பட்டாலே பொலபொலவென நொறுங்கிவிடும்.

கேபினட்டுக்கு நாமே கலர் அடிக்கலாமா?

அடிக்கலாம். விலை குறைந்த கறுப்பு கேபினட்டை வாங்கி, அதன் இரும்புத் தகடுகளை மட்டும் பவுடர் கோட்டிங் கொடுப்பது ஓசூரில் சாத்தியமான வழி. ஆனால் நாலு விஷயம் கவனிக்க வேண்டும்.

• பவுடர் கோட்டிங் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவனில் வேகும். பிளாஸ்டிக், ரப்பர், வயர், ஸ்விட்ச் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

• கலரை வாயால் சொல்லாமல் ரால் எண்ணைச் சொல்லுங்கள். 1927-ல் ஜெர்மனியில் தொடங்கிய இந்த வரிசையில் 9005 என்றால் அடர் கறுப்பு, 9016 என்றால் ஒரு வகை வெள்ளை. கோட்டிங் பட்டறைகளில் புழங்கும் மொழி இது. மேட்டா, கிளாஸியா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

• கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. மதர்போர்டு ஸ்டாண்ட்-ஆஃப், எஸ்.எம்.பி.எஸ் உட்காரும் இடம், திருகு ஓட்டைகள் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் எர்த் தொடர்பு அறுந்துபோகும், திருகும் இறங்காது.

• கேபினட்டின் வாரன்ட்டி போய்விடும். கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ் மேல் பெயின்ட் அடிக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

தூசு, கரன்ட், வாடகை வீடு

ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சூடு கொஞ்சம் குறைவு. பி.சி-க்கு இது நல்லது. ஆனால் லாரிகள் ஓயாத சாலை, கட்டுமான வேலை, கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி என்று தூசுக்குக் குறைவில்லை. கீழிருந்து காற்று இழுக்கும் 'மீன் தொட்டி' கேபினட்டைத் தரையில் வைத்தால் தூசியை உறிஞ்சும் மெஷினாக மாறும். கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ள கேபினட்டாக எடுங்கள், மேசை மேல் வையுங்கள். கறுப்பு ஃபேனில் சாம்பல் தூசு பளிச்சென்று தெரியும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் கணக்கு: மானிட்டரோடு சேர்த்து 500 வாட் இழுக்கும் பி.சி தினம் 4 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்றாலும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் கூடும். சப்-மீட்டர் வைத்து வீட்டு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடமாக இருந்தால் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். கடையில் சாதாரணமாகத் தரும் 600 வி.ஏ யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கேம் ஓடும்போது கரன்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர். அவற்றுக்கு ஏற்ற மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. பிறகு கார்டு நிறுவனம் பரிந்துரைக்கும் வாட் அளவுக்குத் தரமான எஸ்.எம்.பி.எஸ். அதன்பின் கார்டின் நீளம், கூலரின் உயரம் பார்த்து கேபினட். லைட், கலர் கேபிள், பவுடர் கோட்டிங் எல்லாம் கடைசி. அவற்றை அடுத்த மாதச் சம்பளத்திலும் சேர்க்கலாம், போனஸ் வந்த பிறகும் செய்யலாம். மட்டமான எஸ்.எம்.பி.எஸ்-ஐ முதலில் போட்டுவிட்டால், அது போகும்போது தனியாகப் போகாது.