ஒரே குற்றச்சாட்டு, இரண்டு முடிவுகள்: அவசரகாலத்தில் தோட்டத் தமிழரும் தற்காப்பு வாதமும்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் வளர்ந்தது. அம்மலையின் தேயிலைக்கும் ஜொகூர், சிலாங்கூர் ரப்பருக்கும் இடையே தொலைவு மிகுதி. ஆயினும், 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது எல்லாத் தோட்டங்களும் ஒரே கடுஞ்சட்டத்தின்கீழ் வந்தன. அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்திய குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மரண தண்டனை ஒன்றே. குறைத்து விதிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை.

அச்சட்டத்தின்முன் நின்ற தமிழர் இருவரை இங்கு நினைவுகூர்வோம். முதலாமவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் அருகே துப்பாக்கியுடன் கைதானார். கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் தரப்பு வாதிட்டதாகக் கூறப்படுகிறது. அவ்வாதம் ஏற்கப்படவில்லை. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு முயன்றும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலம் இரண்டு மாதங்களுக்குச் சற்றே கூடுதல்.

இரண்டாமவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் கைதான அவர்மீது துப்பாக்கி ஏந்தியது, தோட்டாக்கள் வைத்திருந்தது என இரு குற்றச்சாட்டுகள். நீதிபதிக்குத் துணையாக அமர்ந்து கருத்துரைத்த அசெசர்கள், இரண்டிலும் அவர் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும் அவரை விடுவித்து, துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை ஆணையிட்டார். மறுவிசாரணையில், அவர் அளித்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசுத்தரப்பு முன்வைத்தது. துப்பாக்கியும் தோட்டாக்களும் தம்மிடம் இருந்தன என்பது அதன் சாரம். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பது புதிய அசெசர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1950இல் அத்தண்டனை நீக்கப்பட்டது. விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கக்கூடாது என்பதோடு நெறி முடிவதில்லை; அவ்விடுதலைத் தீர்ப்பு, அதே தரப்பினரிடையே பின்னர் எழும் வழக்குகளிலும் அரசைக் கட்டுப்படுத்தும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். 1956இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இந்நெறியை ஏற்றது. ஒரு தமிழரின் வழக்கு உலகச் சட்ட நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே.

ஒரே சட்டம், ஒத்த குற்றச்சாட்டு, ஒரே தண்டனை; முடிவு மட்டும் வேறு. தற்காப்பு வாதம் குற்றவாளியை ஒளித்துவைக்கும் சூழ்ச்சியன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது. முறைப்படி மெய்ப்பித்தாயா என அரசைக் கேட்பதே தற்காப்பு. அக்கேள்வியை இறுதிவரை எழுப்ப ஒருவர் இருந்தால் உயிர் பிழைக்கலாம். நிறைவேறிய தூக்குத் தண்டனையை மட்டும் எந்த மேல்முறையீடும் திருத்தாது.

1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பு இப்பாடங்களைத் தன்னுள் கொண்டது. கைதின் காரணத்தை அறியவும், விரும்பிய வழக்கறிஞரை நாடவும் 5ஆம் பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின்முன் நிறுத்தவும் பணிக்கிறது. விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிப்பதை, மேல்நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி, 7ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது. கொலை வழக்கிலும் தண்டனையை எடைபோடும் உரிமை இன்று நீதிபதிக்கு உண்டு.

இவ்வுரிமைகள் ஏட்டில் உள்ளன. கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளை அவற்றைத் தாய்மொழியில் அறிந்திருக்கிறதா என்பதே ஆசிரியராகிய நம்முன் நிற்கும் வினா. அறியாத உரிமையை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. கணபதியின் பெயரைக் கற்பிக்கும் வகுப்பறையில் சாம்பசிவத்தின் வழக்கும் இனி ஒலிக்கட்டும்.