பத்துப் பிள்ளைகளும் பதினைந்து பிள்ளைகளும்: மலேசியத் தமிழர் குடியிருப்பும் பள்ளித் தேர்வும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் அறிக்கைகளையும் சட்டங்களையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். ஆயின், ஒரு தமிழ்ப்பிள்ளை எப்பள்ளியில் சேர்ந்தது என்பதை அதன் பெற்றோர் எங்குக் குடியிருந்தனர் என்பதும் தீர்மானித்துள்ளது. அவ்வுறவையே இங்கு நோக்குகிறோம்.

தோட்டத்தில் இச்சிக்கல் எழவில்லை. லயன் வீடும் பள்ளிக் கொட்டகையும் ஒரே நிருவாகத்தின் நிலத்தில் நின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. கல்விமீது கொண்ட அக்கறையைவிடத் தொழிலாளரைத் தக்கவைக்கும் நோக்கமே இதில் மிகுதி என்பது எம் கருத்து. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தார் என்பதே அதற்குச் சான்று. பெற்றோர்க்குத் தேர்வு இல்லை. தொலைவு பற்றிய கவலையும் இல்லை.

அவ்வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த நகர விரிவாக்கமும் இந்நிலையை அம்பலப்படுத்தின. புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்த பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலுக்கு அருகில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தமை அண்மைக் கால எடுத்துக்காட்டு. எனவே, தாமானில் மலிவு விலை வீடொன்றை வாங்குவது தமிழ்க் குடும்பத்திற்கு முதல் விடுதலையாக அமைந்தது. முன்பணம், வங்கிக் கடன், தொழிற்சாலைப் பேருந்து வரும் சாலை ஆகியவற்றைப் பார்த்தே வீடு தெரிவு செய்யப்பட்டது. தமிழ்ப்பள்ளியோ பழைய தோட்டத்திலேயே நின்றுவிட்டது. கோயில் விரைவில் தாமானுக்கு வந்து சேர்ந்ததை நாம் பல ஊர்களில் காண்கிறோம். அதற்குச் சில குடும்பங்களின் முயற்சி போதும். பள்ளிக்கோ நிலமும் அமைச்சின் ஒப்புதலும் தேவை. தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் அமைந்த பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்பதால் இடமாற்றம் மேலும் கடினமாயிற்று.

அருகிலிருந்த தேசியப்பள்ளியில் தமிழ் கற்க வழியே இல்லை எனல் ஆகாது. 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என 1961ஆம், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டங்கள் இடமளித்தன. இங்கும் தலை எண்ணிக்கையே நிபந்தனை. அன்று பத்து, பின்பு பதினைந்து. வேறுபாடு யாதெனில், தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் ஒரே லயத்தில் கிடைத்தனர். பல இனத்தார் கலந்து வாழும் தாமானில் பதினைந்து பிள்ளைகள் ஐந்தாறு தெருக்களில் சிதறிக் கிடந்தனர். பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் மட்டுமே விண்ணப்பம் உருவாகும். அதன்பின் ஆசிரியர் கிடைக்க வேண்டும்.

1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. இச்சரிவைக் கண்டு பெற்றோர் தாய்மொழியைக் கைவிட்டனர் என்று கூறுவாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. குறைந்தவற்றுள் பல, சிறு தோட்டப் பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டதன் விளைவு. பள்ளிகள் குறைந்த அதே காலத்தில் மாணவர் தொகை உயர்ந்து, 2000களின் இறுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதன்பின் அத்தொகை இறங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறப்பு வீதம் குறைந்ததை அதில் சேர்த்தே எண்ண வேண்டும்.

150க்கு மேற்படாத மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பல. அவற்றுட் சில செம்பனைக் காட்டிடையே நிற்க, நகர்ப்புறப் பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை. இரண்டிற்கும் இடையே ஓடுவது பள்ளிப் பேருந்து. எந்தத் தாமானுக்கு அது வரும், மாதக் கட்டணம் எவ்வளவு, பிள்ளை விடியலில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று விசாரித்த பின்னரே முன்பணம் கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வோட்டுநர்களின் வழித்தடங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் தொகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. முதிய ஓட்டுநர்கள் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.